பொருளைத் திருப்பிப் பார்

கராகோல்,
6 ஜூன் 2004

அன்புள்ள தம்பி மிர்லானுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? எல்லை தாண்டிக் கசாக்கியர் பக்கம் போனால் செங்கல் சூளைச் சூடும் அதிகம், வெயிலும் அதிகம் என்கிறார்கள். தலையில் துணி கட்டிக்கொள். இங்கே நான் நலம். இந்த வருடம் ஏப்ரிகாட் பூவைப் பனி தொடவில்லை.

நீ என் பொறுப்பில் விட்டுப்போன கேம் ரூமைத் திறந்து மூன்று வாரமாகிறது. நாலு டிவி, நாலு மெஷின், பத்து நாற்காலி. முப்பத்தாறு வருடம் ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்தவள், ஓய்வு பெற்றதும் ரத்தம் வழியும் சுவர்களுக்குக் காவல் இருக்கிறேன்.

லாரி ஓட்டும் மெலிஸை உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது நாற்பது வயது, ஆறடி உயரம். கர்கிரா கணவாய் வழியாக உருளைக்கிழங்கு ஏற்றிப்போகாத நாளெல்லாம் இங்கே உட்கார்ந்து அந்த 'சாம்பல் மருத்துவமனை' பேய் ஆட்டத்தை ஆடுகிறான். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் கண்ணை மூடிக்கொள்கிறான்.

"டீச்சர், திரையில ஏதோ எழுத்து வந்திருக்கு. படிச்சுச் சொல்லுங்க."

"அது ஆங்கிலம். எனக்கு எப்படித் தெரியும்?"

"எங்களை அத்தனை வருசம் உக்கார வச்சுப் படிக்க வச்சீங்கல்ல? இப்ப நீங்க படிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணெதிரே எழுத்து இருந்து வாசிக்கத் தெரியாமல் நிற்பது எனக்கு இதுதான் முதல் தடவை. மறுநாளே நோட்டு ஒன்று வாங்கினேன். பள்ளி நூலகத்திலிருந்து அகராதி எடுத்து வந்தேன். நீ அகராதியைத் தொடாமலே அந்த ஆட்டத்தை முடித்தவன். எப்படி என்று எழுது. ஐந்து வார்த்தை தருகிறேன், ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதி அனுப்பு: கதவு, சாவி, நாய், தண்ணீர், காவல்காரன். உனக்கு வார்த்தை தெரியும், எனக்கு இலக்கணம் பார்க்கத் தெரியும். இரண்டு பேரும் படிப்போம். உன் தாளைச் சிவப்பு மையில் திருத்தி இங்கேயே வைத்துக்கொண்டு, மார்க்கை எழுதி அனுப்புவேன்.

அக்டோபர் கடைசியில் கணவாய் மூடுவதற்கு முன், உன் வீட்டுச் சுவருக்கான செங்கல்லோடு வந்து சேர்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
அக்கா சைராகுல்


செங்கல் சூளை,
30 ஜூன்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மேற்பார்வையாளர் ஒரால்பாய் நல்ல மனிதர். எங்கள் பாஸ்போர்ட் தொலைந்துவிடாதபடி இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். கடிதங்களையும் அவரே வாசித்து, அவரே உறை ஒட்டி, அவரே டவுனில் போடுகிறார். எங்களுக்கு வெளியே போகிற அலைச்சலே கிடையாது. அவர் கசாக்கியர் என்றாலும் நம் மொழி நன்றாக வாசிப்பார், ரஷ்யன் அதைவிட நன்றாக. ஆங்கிலம் மட்டும் வராது. நீங்கள் கொடுத்த பாடத்தைக் காட்டினேன். "அட, இந்த வயசுல பள்ளிக்கூடமா? எழுது, எழுது" என்று சிரித்தார்.

எப்படிப் படித்தேன் என்று கேட்டீர்கள். அகராதியால் அல்ல, பயத்தால். 'பூட்டப்பட்டுள்ளது' என்கிற வார்த்தையை நாற்பது கதவைத் தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்கும்போது படித்த வார்த்தை மறக்காது. உங்களுக்கு மூன்று விதி சொல்கிறேன். குண்டு கொஞ்சம்தான் கொடுப்பார்கள், அதனால் எதிரில் வருவதோடெல்லாம் மோதாமல் சுற்றிக்கொண்டு போங்கள். வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்ட கதவு பூட்டியது, அதை மனப்பாடம் செய்யுங்கள். மூன்றாவது முக்கியம்: எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் திருப்பிப் பாருங்கள். பொம்மையோ புத்தகமோ, முன்பக்கம் சும்மா இருக்கும். வேண்டியது பின்னால் ஒட்டியிருக்கும்.

இனி ஆங்கிலம்:
கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டுள்ளது.
சாவி ஒரே மனிதனிடம் இருக்கிறது.
நாய் சாயங்காலம் அவிழ்க்கப்படுகிறது.
மதியத்துக்குப் பிறகு தண்ணீர் இல்லை.
காவல்காரன் எங்களை எண்ணுகிறான்.

பயிற்சிக்காக ஆட்டத்தின் ஒரு தளத்தை வரைந்து, பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கவனமாகத் திருத்துங்கள் அக்கா.

உங்கள் தம்பி,
மிர்லான்


கராகோல்,
12 ஜூலை

அன்புள்ள மிர்லானுக்கு,

நீ நலம் என்று அறிந்து நிம்மதி. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஒரால்பாய் அவர்களுக்கு என் வணக்கம் சொல். தூர தேசத்தில் பிள்ளைகளை இப்படிப் பார்த்துக்கொள்கிறவர் கிடைப்பது பெரிய விஷயம்.

உன் பாடம் வந்தது. முதல் நாலு வாக்கியமும் சரி. ஐந்தாவதில் 'எங்களை எண்ணுகிறான்' என்று எழுதியிருக்கிறாய். ஆட்டத்தில் நாம் நடத்திப்போவது ஒரே ஒரு செவிலியைத்தானே? 'அவளை' என்று வர வேண்டும். அதற்கு ஒரு மார்க் குறைத்து, ஐந்துக்கு நாலு போட்டிருக்கிறேன். வரைபடத்தில் கோடுகள் நேராக இல்லை. சமையலறையையே காணோம், அங்கே இருப்பவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்? அடுத்த தடவை அளவுகோல் வைத்துப் போடு.

என் படிப்பையும் கேள். நோட்டில் இருநூறு வார்த்தை சேர்ந்துவிட்டது. ரத்தம், துரு, நிலவறை, அலறல், கட்டுத்துணி எல்லாம் தெரியும். ரொட்டி தெரியாது. நேற்று மலை ஏற வந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள். கழிப்பறை என்று சைகையில் புரிந்தது. நானும் எழுந்து நின்று, தெளிவான ஆங்கிலத்தில், "கதவு பூட்டப்பட்டுள்ளது. சாவியைத் தேடு" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. பின்வாங்கிப் போனவள் திரும்பவே இல்லை. மெலிஸ் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தான். "டீச்சர், நல்ல வேளை, அடுத்த வரியைச் சொல்லலை. 'அது உன் பின்னால் நிற்கிறது'ன்னு வரும்."

அடுத்த பாடம் சீக்கிரம் அனுப்பு. சோம்பல் கூடாது.

அன்புடன்,
அக்கா


செங்கல் சூளை,
3 செப்டம்பர்

அக்காவுக்கு,

நலமா? நானும் நலம். ஆகஸ்டில் நீங்கள் போட்ட இரண்டு கடிதமும் கிடைத்தன. வேலை அதிகம், பதில் எழுத முடியவில்லை. மன்னியுங்கள். பருவம் முடிந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறார்கள். பாடம் மட்டும் எழுதியிருக்கிறேன்.

கை எரிந்தது.
மருந்து இல்லை.
ஐந்து பேர் கீழ் அறையில் இருக்கிறார்கள்.
அவன் சொன்னான், பனி விழும் வரை.
வெளியேறும் வழியைக் காணவில்லை.

மிர்லான்


கராகோல்,
14 செப்டம்பர்

அன்புள்ள மிர்லானுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இரண்டு மாதம் காத்திருந்ததற்கு நாலு வரிதானா? இருந்தாலும் மகிழ்ச்சி.

வாக்கியங்கள் குறைவில்லை. நான் கொடுக்காத வார்த்தைகளை நீயே எடுத்து எழுதியிருக்கிறாய், நல்ல முயற்சி. ஐந்துக்கு ஐந்து. ஆனால் கையெழுத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் இருக்கிறது. உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்துப் பழக்கியவள் நான். கையெழுத்துக்கு இரண்டு போட்டிருக்கிறேன். இரண்டு என்றால் தோல்வி, உனக்கே தெரியும். பொறுமையாக எழுது.

கணவாயில் முதல் பனி பெய்துவிட்டதாக மெலிஸ் சொன்னான். எப்போது வருகிறாய்?

அன்புடன்,
அக்கா


கராகோல்,
17 செப்டம்பர்

அன்புள்ள மிர்லானுக்கு,

நலமா? மூன்று நாளில் இன்னொரு கடிதமா என்று ஆச்சரியப்படாதே. பாடம் கொடுக்க மறந்துவிட்டேன்.

மெலிஸ் நேற்று உன் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். மூன்று தடவை ஆட்டத்தை முடித்தவன், அப்படி ஒரு தளத்தைப் பார்த்ததே இல்லையாம். "நீ ஒழுங்கா ஆடியிருக்க மாட்டே" என்று சொல்லி அனுப்பினேன். ஒரால்பாய் அவர்களுக்கு என் வணக்கம். வேலை இருக்கும்வரை இருந்துவிட்டு வா, இங்கே ஒன்றும் அவசரமில்லை.

இனி ஆங்கிலம். திருத்தாமல் அப்படியே பதில் எழுது:
அந்த வரைபடம் விளையாட்டு அல்ல.
நான் தாமதமாகப் படித்தேன்.
உன் வலது கையா?
எந்த நாளில் நாய் கட்டப்பட்டிருக்கும்?
லாரிகள் உள்ளே வருமா?
செவிலி வருகிறாள்.

அன்புடன்,
அக்கா


செங்கல் சூளை,
1 அக்டோபர்

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஒரால்பாய் அவர்களின் அக்கா மகன் டவுனில் ஆங்கிலம் படிக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை வருவானாம். "உன் நோட்டை அவன்கிட்டக் காட்டுறேன், எவ்வளவு தேறியிருக்கேன்னு பாக்கலாம்" என்றார். எனக்கும் ஆசைதான்.

வலது கை.
வெள்ளிக்கிழமை நண்பகல். காவல்காரன் தொழுகைக்குப் போகிறான். நாய் கட்டப்பட்டிருக்கும்.
கல் வாங்கும் லாரிகள் வரும்.
என் பெயர் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.
செவிலி தனியாக வரக்கூடாது.

மிர்லான்


6 அக்டோபர்

மதிப்புக்குரிய ஆசிரியை சைராகுல் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்க இறைவன் அருள்வானாக. தங்கள் தம்பிக்கு உடம்பு சற்றுச் சரியில்லை. பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் அவர் கடிதம் எழுத மாட்டார்.

என் மருமகன் தங்கள் தம்பியின் பாட நோட்டைப் பார்த்தான். பூட்டு, நாய், காவல்காரன் என்றெல்லாம் இருப்பதாகச் சொன்னான். பேய் விளையாட்டு என்று தங்கள் தம்பி விளக்கினார். இருக்கலாம். ஆனால் உழைக்கிற மனிதனுக்கு இப்படிப்பட்ட படிப்பு தூக்கத்தைக் கெடுக்கும். இனி ஆங்கிலத்தில் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நலம் நாடும்,
ஒரால்பாய்


கராகோல்,
15 அக்டோபர்

மதிப்புக்குரிய ஒரால்பாய் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். தங்கள் கடிதம் நேற்று வந்தது. பெற்றவர்கள் இல்லாத என் தம்பிமேல் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி.

தாங்கள் சொல்வது சரி. பேய், பிசாசு, ரத்தம் என்று எனக்கே அலுத்துவிட்டது. இன்றோடு ஆங்கிலத்தை நிறுத்திக்கொண்டேன். ஒரு கடமை மட்டும் பாக்கி இருக்கிறது. அவன் எழுதியதையெல்லாம் ஒரு நோட்டில் பிரதி எடுத்து, திருத்தி, மார்க் போட்டு இதோடு அனுப்புகிறேன். புதிதாக ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. தங்கள் மருமகனே சரிபார்க்கலாம். என் முப்பத்தாறு வருடப் பணியில் திருத்திய நோட்டை மாணவன் கையில் சேர்க்காமல் இருந்ததில்லை. தாங்களும் ஒரு ஆசிரியரிடம் படித்தவர், நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி வழக்கப்படி பழுப்புத்தாள் அட்டை போட்டிருக்கிறேன், கிழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தில் நம் மொழியில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன். படித்ததைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது அவனே எனக்குச் சொன்ன விதி.

தங்கள் சூளைக் கல் உறுதியானது என்று இங்கே பலரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து யாராவது வாங்க வந்தால் நல்ல கல்லாகப் பார்த்துக் கொடுங்கள்.

மரியாதையுடன்,
சைராகுல்


பிஷ்கெக், அறுவை மருத்துவமனை,
5 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரும் வாசிக்கவில்லை. உறையை நானே ஒட்டுகிறேன், ஆனால் இடது கையால், அதனால் கோணலாக இருக்கும். முழங்கால் எப்படி? எல்லைக்காரர்கள் விடும்வரை கணவாயில் என்னோடு இரண்டு மணி நேரம் குளிரில் நின்றீர்கள். கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள். கையைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். இரண்டு விரல் மட்டும் மடங்காது.

லாரியை விட்டு இறங்கியதும் ஏறிய ஆம்புலன்ஸில் நீங்கள் அழுதுகொண்டே இருந்தீர்கள், நான் நாலு பேரின் பெயரையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நடந்ததை இப்போது சொல்கிறேன்.

உங்கள் நோட்டு வந்து மூன்று நாள் ஒரால்பாயின் மேசையில் கிடந்தது. என் கடைசிப் பாடத்தை மட்டும் நீங்கள் பிரதி எடுக்காமல் விட்டிருந்தீர்கள்; மருமகன் புரட்டினான், புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. அடுப்பில் போடத்தான் நினைத்தார். நான் கல் சுமந்துகொண்டு வாசலைக் கடக்கும்போது அதைக் கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு மார்பில் வீசினார். "இந்தா, பிடி. டீச்சர் திருத்தின நோட்டை எரிச்சா என் வாத்தியார் கனவுல வந்து காதைத் திருகுவார். இதோட முடிஞ்சுது, கேட்டுக்கோ."

முதலில் மார்க்தான் கண்ணில் பட்டது. கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். "பொருளைத் திருப்பிப் பார்." நோட்டைத் திருப்பிப் பழுப்புத்தாளின் மடிப்பைப் பிரித்தேன். உள்ளே என் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் இல்லாதவன் எல்லையில் காட்ட. அதன் பின்னால் பென்சிலில், '29, வெள்ளி. நீல லாரி. நடுவில் இடம்.' அதை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நாலு நாள் கல் சுமந்தேன். மற்ற நாலு பேருக்கும் சொன்னேன். "ஒருத்தன் வெளியே போனாத்தான் அஞ்சு பேரும் போக முடியும். நீ போ. எங்க பேரை மட்டும் மறந்துடாதே" என்றார்கள். ஊரோடு சேர்த்துப் பேர்களை மனப்பாடம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை மெலிஸ் அண்ணன் வந்தார். கல்லை அடுக்கியது நாங்கள்தான். நடுவில் ஒரு ஆள் குந்துகிற அளவுக்கு இடம் விட்டு அடுக்கினோம். அவர் ஒரால்பாயோடு அலுவலகத்தில் டீ குடித்தபடி கல்லைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். "என்னய்யா கல்லு, பிஸ்கட் மாதிரி இருக்கு." "எது பிஸ்கட்? வா, காட்டுறேன்." இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். நான் அதற்குள் உள்ளே போயிருந்தேன். ஒரால்பாய் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, என் தலைக்கு மேலிருந்து ஒரு கல்லை உருவினார். வெளிச்சம் என் முட்டியில் விழுந்தது. கல்லை இன்னொரு கல்லில் தட்டிக் காட்டினார். "கேளு, மணி மாதிரி சத்தம்." நான் மூச்சு விடவில்லை. ஆட்டத்தில் அலமாரிக்குள் ஒளியும்போது ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து மூச்சை அடக்குவோமே, என் கட்டைவிரல் தானாக அந்தப் பொத்தானைத் தேடியது.

மெலிஸ் அண்ணன், "சரி சரி, நல்ல கல்லுதான், ஒத்துக்கிறேன். எடுத்த இடத்துலயே வைங்க, சரிஞ்சிடும்" என்றார். வெளிச்சம் மூடிக்கொண்டது. லாரி நகர்ந்தது, சூளையின் வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அன்புடன்,
மிர்லான்


கராகோல்,
14 நவம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். கை வலி குறைந்ததா? சூப் குடிக்கிறாயா? என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே, அது என்னோடு கணவாய்வரை வந்து திரும்பிய முழங்கால், அதற்குக் கர்வம் வந்துவிட்டது.

முதலில் நல்ல செய்தி. நீ ஒப்பித்த நாலு பேரையும் தூதரகத்து ஆட்கள் போய் மீட்டுவிட்டார்கள். நேற்று நாலு பேரும் கேம் ரூமுக்கு வந்தார்கள். மெலிஸ் அவர்களுக்குத் தன் கணக்கில் ஆளுக்கு ஒரு கிண்ணம் அஷ்லியான்ஃபூ நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, 'சாம்பல் மருத்துவமனை' ஆடுகிறீர்களா என்று கேட்டான். ஒருவரும் அந்த நாற்காலி பக்கமே போகவில்லை. கார் ஓட்டும் ஆட்டம்தான் ஆடினார்கள்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. செப்டம்பர் பதினாறாம் தேதி மெலிஸ் உன் வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இங்க நாய்னு போட்டிருக்கு, இந்த ஆட்டத்துல நாயே கிடையாதே" என்றான். அப்போதுதான் உன் தாள்களையெல்லாம் மேசையில் பரப்பினேன். காவல்காரன் எங்களை எண்ணுகிறான். அதன்மேல் என் சிவப்புக் கோடு. கை எரிந்தது. அதற்கு நல்ல முயற்சி என்று நான் எழுதி அனுப்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. போலீசுக்குப் போவோம் என்றேன். அந்தப் பக்கத்துப் போலீஸ் அந்தச் சூளையில்தான் சாப்பிடுகிறது என்று மெலிஸ் தடுத்தான். உன் விதிப்படி, மோதாமல் சுற்றிப் போனோம்.

முப்பத்தாறு வருடத்தில் நான் போட்ட மார்க்கை மாற்றியதில்லை. தலைமையாசிரியர் தன் மகளுக்காகக் கெஞ்சியபோதுகூட மாற்றவில்லை. உன் செப்டம்பர் தாளில் கையெழுத்துக்குப் போட்ட அந்த இரண்டை நேற்று அடித்துவிட்டேன். ஐந்து போடப் பேனாவை எடுத்தேன், அதற்கும் கூசியது. எரிந்த கையை வைத்துக்கொண்டு எழுதியதற்கு மார்க் போட நான் யார்? இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

படிப்பை நிறுத்தவில்லை. புதிதாக ஐந்து வார்த்தை தருகிறேன்: ரொட்டி, ஜன்னல், சட்டை, சிரிப்பு, வீடு. ஐந்தையும் அகராதி பார்த்துத்தான் எழுதினேன். நம் ஆட்டத்தில் இவற்றில் ஒன்றுகூட வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதி அனுப்பு. எந்தக் கையால் வேண்டுமானாலும் எழுது. அவசரமில்லை.

அன்புடன்,
அக்கா